காதில் வைத்த சேறு

"இன்னா கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல. சேத்தப் போயி காதுல வெச்சிக்கினு..."

"நல்லாக் கேளு மாமா. நுணுநுணுன்னு சத்தம் கீதா? அதான் புழு. அத்தத் துன்னுதான் இறா பெருக்குது. இறாவத் துன்னுதான் நீ இம்மாந்தண்டி கீறே."

சுதந்திரம் வந்த வருஷம். கல்யாணமான மறுவாரம், எண்ணூர்க் கழியில் முழங்காலளவு தண்ணீரில் நின்று தேசப்பன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்த வாயோடு கோவிந்தம்மாவுக்கு ஒரு வாக்கும் கொடுத்தான். ஒன்றே ஒன்று கேள், மறுக்க மாட்டேன் என்று.

"இப்ப வாணாம். அப்பால கேக்கறேன்" என்றாள் அவள்.

ஏழு வருஷம் போய்விட்டது.

இன்று அதே கழியில், அவளுடைய அண்ணன் சுப்புராயனின் முகத்தைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டிருந்தான் தேசப்பன்.

காலையில் தண்ணீர் வற்றியதும் செம்புழுக்கள் நூல் நூலாகச் சேற்றின் மேலே வந்து நெளிந்தன. அப்புறம் நண்டுகள் ஏறின. உச்சி வெயிலுக்குள் மடவை மீன்கள் வயிறு தெரிய மிதந்தன.

"கள்ளிப்பாலு" என்று யாரோ சொன்னார்கள். எதிர்க்கரைக்காரர்கள் கள்ளிப்பாலைக் கலந்து மீனை மயக்குகிறார்கள் என்பது இந்தக் கரையின் பழைய சந்தேகம்.

அந்த நேரம் பார்த்து எதிர்க்கரையிலிருந்து படகில் வந்து இறங்கினான் சுப்புராயன். தங்கை பிள்ளைக்குப் பொரியுருண்டை கொண்டுவந்திருந்தான்.

முதல் துடுப்பு அவன் முதுகில் விழுந்து முறிந்தது. பொரியுருண்டைகள் சேற்றில் உருண்டன. விலா எலும்பில் மிதித்தார்கள்.

கரையோரத் தோல் கம்பெனியில் வேலை முடிந்து காக்கிச் சட்டையோடு வந்த தேசப்பனைப் பார்த்ததும் ஒருவன் இளித்தான். "மச்சான் வந்துட்டாருப்பா. இனிமே எவனாவது கைய வெச்சுப் பாரு."

தேசப்பன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனான். எல்லாரையும்விட அவன்தான் வெறியோடு அடித்தான். சுப்புராயனின் பல் ஒன்று தெறித்தது. தலைமயிரைப் பிடித்துச் சேற்றில் அமுக்கினான். இளித்தவனே பயந்துபோய், "போதும்ப்பா, செத்துடப் போறான்" என்றான்.

கோவிந்தம்மா ஓடி வந்து முழங்காலிட்டு விழுந்தாள். அண்ணனின் கால்கள் உதைப்பது அடங்கிக்கொண்டிருந்தது.

அவள் அழவில்லை. ஒரு கை சேற்றை அள்ளினாள்.

கள்ளிப்பால் தண்ணீரோடு போய்விடும். மீன்தான் முதலில் மயங்கும், புழு மேலே வராது. இங்கே புழுதான் முதலில் வந்தது. சேற்றுக்குள் மூச்சில்லாமல் வந்தது. சேறு கரி போலிருந்தது. அழுகிய முட்டையும் சுண்ணாம்பும் கலந்த நாற்றம். அவளுக்கு அது புதிதில்லை. எட்டு மாதமாக அவனுடைய காக்கிச் சட்டையில் எவ்வளவு துவைத்தும் போகாத நாற்றம் அது.

சேற்றைக் கணவனின் காதில் அப்பினாள்.

"இன்னா கேக்குது?"

தேசப்பன் நிமிர்ந்தான். கை தளர்ந்தது. சுப்புராயன் தலையைத் தூக்கி, ரத்தமும் சேறுமாகக் கக்கி, மூச்சை இழுத்தான்.

"ஒண்ணு கேளுன்னியே. இப்ப கேக்கறேன்."

அண்ணனை விட்டுவிடச் சொல்லப்போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவள் அவனுடைய காக்கிச் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"சனிக்கெழம தவறாம கம்பெனி அழுக்குத்தண்ணித் தொட்டியக் கழியில தொறந்து வுடறியே மாமா, அந்த வேலைக்கு இனிமே போவாத."