எங்கே போவதாக உத்தேசம்?

"திஸ் ஜாப் இஸ் எ ஸ்டெப்பிங் ஸ்டோன் ஃபார் மீ, சார்" என்றார் அந்த அம்மாள், ஒரு சொல்கூடத் தடுக்காமல்.

டாக்டரின் பேனா அப்படியே நின்றது.



நல்ல வாக்கியம்தான். இந்த வேலை எனக்குக் கால் வைத்துத் தாண்டுகிற கல், இதை மிதித்து அடுத்த இடத்துக்கு முன்னேறிப் போவேன் என்று அர்த்தம். ஆனால் எதையும் யாரிடம் சொல்கிறோம் என்று ஒன்று இருக்கிறதே. ஆற்றைத் தாண்டிப் போனவர் அக்கரையில் நின்று ஊருக்கெல்லாம் சொல்லலாம். கல்லிடமே போய், "உன்னை மிதிச்சிட்டுப் போக வந்திருக்கேன்" என்று யாராவது சொல்வார்களா?

அதுவும் எங்கள் டாக்டரிடம்.

இந்தப் பல் ஆஸ்பத்திரியின் முன்மேஜையில் இருப்பவள் நான். எனக்கு உதவிக்கென்று வைத்த ஆட்களில் இரண்டே வருடத்தில் ஐந்து பேர் ஓடிவிட்டார்கள். ஒருவன் மேல்மாடிக் கண் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டான். தினமும் லிஃப்டில் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். ஒருத்தி மத்தியானம் சாப்பிட்டு வருகிறேன் என்று போனவள்தான். இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நான்கு மாதமாக நான் ஒருத்திதான். இரண்டு போன், ஒரு பதிவேடு, பல்லைப் பிடுங்கலாமா வேண்டாமா என்று என்னிடமே யோசனை கேட்கும் நோயாளிகள். உள்ளே மெஷின் கிர்ரென்றதும் எழுந்து ஓடப் பார்ப்பவர்களைப் பிடித்து உட்கார வைப்பதும் என் வேலைதான்.

"இந்தத் தடவை நிலைச்சு நிக்கிற ஆளா பாரும்மா. இல்லன்னா ஆளே வேணாம்" என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து இந்த வாக்கியம்.

அந்த அம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இதுவரை வேலைக்குப் போனதில்லை. நான்கு இடங்களில் வயதைக் கேட்டதும், "சொல்லி அனுப்புறோம்" என்று அனுப்பிவிட்டார்களாம். இது ஐந்தாவது இடம், இதுவும் இல்லையென்றால் இனி யாரிடமும் போய் நிற்கப் போவதில்லை. இதையெல்லாம் யாரும் கேட்காமலேயே, உட்கார்ந்த கையோடு டாக்டரிடம் சொல்லிவிட்டார்.

விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்ற இடத்தில், 'வீடு, முப்பத்தொரு வருடம், விடுப்பு எடுத்ததில்லை' என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததும் முகக்கவசத்துக்கு மேல் டாக்டரின் கண்கள் சிரித்தன. அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஆங்கிலம் வருமா என்று கேட்டதுதான் வினை.

டாக்டர் முகக்கவசத்தை மோவாய்க்கு இறக்கினார்.

"ஸ்டெப்பிங் ஸ்டோனா. சரி. இங்கேருந்து எங்கே போறதா உத்தேசம்?"

மேல்மாடி என்று மட்டும் சொல்லிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். நடுவில் புகுந்து ஏதாவது எடுத்துக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் வழியில்லை.

அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. கையை நீட்டி என்னைக் காட்டினார்.

"இந்தப் பொண்ணு இருக்கே, அந்த எடத்துக்கு சார். ஒரு வருஷத்துல வந்துடுவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். எங்கள் டாக்டருக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"வந்ததும் வெளியே ஓடப் பாக்கிறவங்களைத்தான் இத்தனை நாளா பாத்திருக்கேன். உள்ளேயே ஏறணும்னு நெனைக்கிற ஆளை இப்பத்தான் பாக்கறேன். திங்கக்கிழமை காலையில வந்துடுங்க."

அந்த அம்மாள் அவருக்கு நன்றி சொன்னார். எனக்கு ஒரு தலையசைப்பு, முன்பின் தெரியாதவர்களுக்குக் கொடுக்கிற அளவுக்கு. விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் நான் பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது அந்த அம்மாள் அங்கே நின்றுகொண்டிருந்தார். என் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ஏன் அத்தை, வீட்டுல டிவி ரிமோட்டைப் பிடிச்சு வெச்சிருக்கிறது போதாதா? ஆஸ்பத்திரியில என் எடமும் வேணுமா?" என்று கேட்டேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. "நான் எழுதிக் கொடுத்த மூணு இங்கிலீஷ் வாக்கியத்துல அந்த ஸ்டெப்பிங் ஸ்டோன் இல்லவே இல்லையே."

மருமகள் என்று காட்டிக்கொள்ளாதே, இந்த வேலையை நானாகத்தான் வாங்குவேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தவர் அவர். இனி டாக்டரிடம் உண்மையைச் சொல்கிற வேலை யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும்.

அத்தை பஸ் வருகிற திசையையே பார்த்துக்கொண்டு பேசினார்.

"பல் சுத்தம் பண்ற படிப்பு ஒண்ணு இருக்கு, படிச்சிட்டு வா, உள்ளே வேலை தர்றேன்னு உங்க டாக்டர் ஒம்பது வருஷமா சொல்றாரு. மேஜையைப் பாக்க ஆள் இல்லன்னு நீயும் ஒம்பது வருஷமா சொல்லிட்டிருக்க. நீ எந்திரிச்சாத்தானேம்மா நான் உக்கார முடியும்?"

எனக்குக் கண் கலங்கியது. இந்த மனுஷியைப் போய் இத்தனை நேரம் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

பஸ் வந்தது.

"அந்தப் படிப்புக்கு ஃபாரம் வாங்கி வெச்சாச்சு" என்றார் அத்தை. "ஏறு மொதல்ல."