ஒட்டுக்கண்ணாடி

லென்ஸ் நன்றாகவே ஒட்டியிருந்தது. அக்தர் பானு விரல்நுனியால் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழ்கூட இல்லை.

மீன் செதில் போல இரண்டு அரைவட்டங்கள். கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும். பசை கிடையாது. தண்ணீரில் நனைத்து, முக்குளிக்கும் முகமூடியின் கண்ணாடியில் உட்பக்கமாக வைத்துக் கட்டைவிரலால் நீவ வேண்டும். காய்ந்தால் பிடித்துக்கொள்ளும். நேற்று அவள்தான் ஒட்டினாள். புருஷனை ஒட்டவிட்டால் கோணலாகிவிடும்.

அறையின் மூலையில், பாத்திரம் துலக்கும் மோரியில், பிரியாணி தேக்சா நிறையத் தண்ணீர். அதன் முன்னால் முட்டி போட்டிருந்தார் கரீம் பாட்சா.

அவருக்குத் தண்ணீருக்கு அடியில் வேலை. படகின் விசிறியில் கயிறோ வலையோ சுற்றிக்கொண்டால், சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கி அறுத்துவிட வேண்டும். துறைமுகத்துத் தண்ணீரில் தன் கையே தனக்குத் தெரியாது. காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் மீட்டரை, முகமூடியோடு ஒட்டிப் பிடித்து டார்ச் அடித்துத்தான் பார்க்க முடியும்.

போன மாதம் முள்ளைத் தப்பாகப் பார்த்துவிட்டார். காற்று தீர்ந்து, வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தவரைச் சட்டையைப் பிடித்துப் படகுக்குள் இழுத்தார்கள்.

கண்ணைச் சரி பண்ணிக்கொண்டு வா, இல்லையென்றால் வராதே என்று சொல்லிவிட்டார் முதலாளி சேட்.

ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தார். வயதானால் எல்லாருக்கும் வருவதுதானாம். லென்ஸ் வைத்தால் போதுமாம். பக்கத்து வீட்டு சஃப்ரீன் போனில் தேடி ஆர்டர் போட்டுத் தந்தாள்.

நாளைக் காலை பாவுச்சா தக்கா படகுத்துறையில் ஒரு படகு நிற்கும். இவர் இறங்காவிட்டால் வேறொருவர் இறங்குவார். அப்புறம் இவரைக் கூப்பிட மாட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய முக்குளிப்பவருக்கு வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று இருவருக்குமே தெரியவில்லை.

முகமூடியை மாட்டினார். மூச்சை இழுத்துப் பிடித்து, காது மறையும்வரை முகத்தைத் தண்ணீரில் வைத்தார். பானு எதிரே உட்கார்ந்து, மீட்டரைக் குழாயோடு உள்ளே விட்டு, அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

உடனே எழுந்தார்.

"ஸீரோ. ஏக்தம் சாஃப்பா தெரியுது பானு."

மீட்டரை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். முள் ஸீரோவில்தான் நின்றது.

ஒரு மாதமாகச் சிரிக்காதவள் சிரித்தாள்.

"நிக்காஹ்வுக்கு முந்தியே இத மாட்டிப் பாத்திருந்தா, என்னயக் கட்டிருப்பீங்களா மச்சான்?"

"அப்ப நல்லாப் பாத்துத்தானே மாட்டிக்கிட்டேன்."

தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவரும் சிரித்தார்.

மீட்டரைத் துடைத்து வைக்கும்போது, சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"அது ஏன் ஸீரோவுலயே நிக்கிது? ரிப்பேரா?"

"சிலிண்டர்ல மாட்டாமக் கெடந்தா வேற என்னத்தக் காட்டும்? எப்பவுமே ஸீரோதான்."

புது ஆட்களுக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கிற குரல் அது. சொல்லி முடித்த பிறகு அந்தக் குரல் இல்லை. முகமூடியின் வாரை இழுத்துச் சரிசெய்யத் தொடங்கினார். வார் சரியாகத்தான் இருந்தது.

முள்ளைப் பார்க்காமலேயே ஸீரோ என்று சொல்லியிருக்கலாம்.

பானு எழுந்துபோய்ச் சில்லறை டப்பாவைத் திறந்தாள். கைக்கு வந்ததை எடுத்தாள். ஒரு ரூபாயும் இரண்டு ரூபாயும் ஒரே சாயல். கண் நன்றாக இருப்பவர்களே எண்ணைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

"இன்னொரு வாட்டி முங்குங்க. காசு காட்டுறேன். ஒண்ணா ரெண்டான்னு வெரல்ல சொல்லுங்க."

"டெஸ்ட் வைக்கியா?"

அவள் மறுபடி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

மறுபடியும் முகத்தைத் தண்ணீரில் வைத்தார். விளிம்பை இரு விரலால் பற்றி, காசை அவர் கண்ணெதிரே நிறுத்தினாள்.

இந்தத் தடவை நேரமாயிற்று. தலையைச் சாய்த்துப் பார்த்தார். கிட்டே வந்தார். முகமூடியின் கண்ணாடி காசில் முட்டியது. பின்னால் போனார். மூச்சு முட்டித் தோள்கள் தூக்கிப் போட்டன. எழவில்லை.

கடைசியில் தேக்சாவின் விளிம்பிலிருந்து வலது கை மேலே வந்தது. இரண்டு விரல்.

பானு தண்ணீருக்குள் குனிந்து பார்த்தாள்.

இரண்டுதான்.

யா அல்லாஹ் என்று வாய்வரை வந்தது. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது எண். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது.

அவள் பக்கம் எண் இருந்தது. அவர் பக்கம் சிங்கங்கள்.

இரண்டு விரலும் இறங்கவில்லை. அவள் சரி என்று சொல்வதற்காகக் காத்து நின்றன.

அவர் முகம் தண்ணீரிலிருந்து எழுவதற்குள், எண் அவர் பக்கம் இருக்கும்படி காசைத் திருப்பிப் பிடித்தாள்.