குழாயின்மேல் ஒரு பூட்ஸ்

மத்தியான வெயில் விழும் நோயாளியின் கட்டிலைச் சுற்றி வெளிநாட்டு ஊழியக்காரர்கள் கண்மூடி ஜெபிக்கிறார்கள். சிலிண்டரிலிருந்து தரையில் வளைந்து வரும் ஆக்ஸிஜன் குழாயின்மேல் அவர்கள் தலைவரின் கனத்த பூட்ஸ் ஊன்றியிருக்கிறது. நோயாளிக்கு மூச்சு இரைக்கிறது. அந்தச் சத்தம் கேட்டு, அருள் இறங்குகிறதென்று எண்ணித் தலைவர் தொண்டை கிழியக் குரலை உயர்த்துகிறார். "யோவ், காலை எடுய்யா!" என்று நோயாளியின் மனைவி கத்துகிறாள். "ஜெபத்துல குறுக்க பேசாதம்மா" என்கிறார் மொழிபெயர்ப்பாளர், கண்ணைத் திறக்காமலே. அவள் தரையில் மண்டியிட்டு, இரண்டு கையாலும் அந்தப் பூட்ஸைப் பிடித்துத் தள்ளுகிறாள். தலைவர் தடுமாறிக் கண் திறக்கிறார். புருஷனின் நெஞ்சு சீராக ஏறி இறங்கத் தொடங்குகிறது. தலைவர் பரவசமாகக் கைகளை உயர்த்துகிறார். "பாத்தியாம்மா, ஆண்டவர் மூச்சு குடுத்துட்டாரு!" என்கிறார் மொழிபெயர்ப்பாளர். குழாயை இறுகப் பிடித்தபடி அவள் நிமிர்ந்து பார்க்கிறாள். "அவரு எப்பவோ குடுத்துட்டாருய்யா. இந்தாளுதான் மிதிச்சுக்கிட்டு நின்னான்."