பதிவான புகார் இல்லை

“இன்னிக்கும் எடுக்கலையா?” நாளிதழை மடித்து விசிறிக்கொண்டே கேட்டாள் சுதா.

“ரிங் போகுது. எடுக்க மாட்டேங்கிறான்.” ஹேமநாதன் மறுபடியும் அழுத்தினான்.

கரண்ட் போனால் அரை மணியில் செல்போன் டவரும் படுத்துவிடும். அதற்குள் லைன்மேன் அழகேசனைப் பிடித்தாக வேண்டும். பிடிக்க முடியவில்லை. லேப்டாப்பில் பெங்களூர் மேனேஜர் வாயைத் திறந்தபடி உறைந்து நின்றார்.

அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: “வீட்டிலேர்ந்து வேலை பார்க்க விட்டது உங்களுக்காகத்தான். லைன் இப்படியே இருந்தா மே மாசத்திலேர்ந்து இங்கே வந்துடுங்க.”

எப்படிப் போவது? சுதாவுக்கு ஆறாம் மாதம். இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய கரு. மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதனால்தான் ஹேமநாதன் முன்பே நாடாளுமன்றம் வரைக்கும் விஷயத்தைக் கொண்டுபோயிருந்தான். ஆவடியில் இருக்கும் எம்.பி. அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான்.

“கேள்வியைக் குலுக்கிப் போட்டுத்தான் எடுப்பாங்க தம்பி. நம்ம அதிர்ஷ்டம்,” என்றார் எம்.பி.யின் உதவியாளர் வரதன்.

அதிர்ஷ்டம் இருந்தது. திருநின்றவூர் ஏரிக்கரை நகரில் மின்சாரம் போனால் தொலைத்தொடர்பும் சேர்ந்து போகிறதே, அரசு என்ன செய்யப்போகிறது என்று எம்.பி. எழுந்து கேட்டார். நலச் சங்கத் தலைவி சாமுண்டீஸ்வரியின் வீட்டு டிவி முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. அமைச்சர் இந்தியில் சொன்ன பதிலை, கூட உட்கார்ந்திருந்த வரதன் தமிழில் சொன்னார்.

“அந்தப் பகுதியில மின்தடை பத்திப் பதிவான புகார் எதுவும் இல்லையாம்.”

அவர் வாயை மூடவில்லை, கரண்ட் போனது.

“அண்டப்புளுகு!” என்று ஹேமநாதன் கத்தினான். தெருவே சேர்ந்து கத்தியது.

அன்றைக்கு அழகேசன் முதல் ரிங்கிலேயே எடுத்தான். வழக்கம்போல ஓட்டை வண்டியில் ஓடிவந்து சரிசெய்தான். “இத்துப்போன ட்ரான்ஸ்ஃபார்மர் சார். எத்தினி ஊடு வந்துட்ச்சு! அதுவும் பாவம் இன்னா பண்ணும்?” என்று சிரித்துவிட்டுப் போனான்.

அதுதான் கடைசி. மறுநாளிலிருந்து யார் கூப்பிட்டாலும் எடுப்பதில்லை.

“டெல்லியில கேள்வி கேட்டுட்டோம்ல, மேலேர்ந்து ஏத்திவிட்டிருப்பாங்க,” என்றார் எதிர்வீட்டுக் கோவிந்தன். “இன்வெர்ட்டர் கடைக்காரன்கிட்ட கமிஷனும் வாங்கியிருப்பான். தெருவுல எத்தனை இன்வெர்ட்டர் இறங்கிடுச்சு பாருங்க.”

ஹேமநாதனுக்கு அது போதும். ஸ்டேஷன் டீக்கடையில் அழகேசனை மடக்கினான்.

“என்னப்பா, போன் தொலைஞ்சுபோச்சா?”

“இல்ல சார், கீது.”

“அப்ப ஏன் எடுக்கலை?”

“புகார் நம்பர் கீதுல்ல சார், அதுல பண்ணுங்க.”

“திமிரா? பண்றேன். உன் பேரையும் சேர்த்து எழுதுறேன்.”

“எழுதுங்க சார்,” என்று டீயை ஊதிக் குடித்தான் அழகேசன்.

ஹேமநாதன் விடவில்லை. கரண்ட் போன ஒவ்வொரு முறையும் எல்லா வீட்டிலிருந்தும் புகார் நம்பருக்குப் போன் போனது. சாமுண்டீஸ்வரி வீடு வீடாக ஏறி இறங்கி, அங்கே கொடுத்த பதிவு எண்களை வாங்கி வரதனுக்கு அனுப்பினார். காலையில் கரண்ட் ஆபீசில் எழுத்துப் புகார் வேறு. ஹேமநாதனின் புகாரில் அழகேசனின் அலட்சியத்துக்கே ஒரு பக்கம்.

மார்ச் கடைசியில் எம்.பி. மறுபடி எழுந்தார்.

“பதிவான புகார் இல்லை என்றீர்கள். இவையெல்லாம் என்ன?”

புகார்களின் பதிவு எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். முடியவே இல்லை. சபாநாயகர், “போதும், போதும்” என்றார். இந்த முறை அமைச்சர் ஏடு பார்த்துப் படிக்கவில்லை. ஒரே மாதத்தில் சரிசெய்யப்படும் என்று அவையில் வாக்குக் கொடுத்தார்.

ஏப்ரல் முடிவதற்குள் புது ட்ரான்ஸ்ஃபார்மர் லாரியில் வந்து இறங்கியது. டவருக்கும் புது பேட்டரி வந்தது. பெங்களூர் பேச்சு அடங்கியது.

ஹேமநாதன் ஸ்வீட் பெட்டியோடு தெருவில் இறங்கினான். வேலை செய்த எல்லோருக்கும் கொடுத்தான். அழகேசன் முறை வந்ததும் பெட்டியை மூடினான்.

“என் புகாருக்கு மெமோ வந்துச்சா?”

“வந்துட்ச்சு சார். இந்த வருசம் இன்க்ரிமென்ட் கட்டு.”

“நல்லா வேணும்.”

பக்கத்தில் நின்ற சாமுண்டீஸ்வரி அந்தப் பெட்டியை வாங்கித் திறந்து அழகேசனிடம் நீட்டினார்.

“அக்கா, இவனுக்கா?”

“இவருக்குத்தான் முதல்ல குடுத்திருக்கணும் ஹேமநாதன். இத்தனை வருஷமா நாம கூப்பிட்டதும் ஓடிவந்து சரி பண்ணிட்டுப் போனாரு. அதனால நம்ம தெருவுல ஒருத்தர்கூட புகார் நம்பருக்குப் பேசினதில்லை. அமைச்சர் சொன்னது பொய்யில்லப்பா. ‘கொஞ்ச நாளைக்கு எங்க போனை எடுக்காதீங்க, யார் திட்டினாலும் வாங்கிக்குங்க’ன்னு அமைச்சர் பேசின அன்னிக்கு சாயங்காலமே இவர்கிட்ட போய்க் கேட்டது நான்தான்.”

ஹேமநாதன் அழகேசன் பக்கம் திரும்பினான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அழகேசன்?”

வாய் நிறைய மைசூர்பாகோடு அழகேசன் சிரித்தான்.

“சொல்லியிருந்தா, நீங்க அம்மாம் கோவமா எழுதியிருப்பீங்களா சார்?”