சேனலுக்கு ஒரு கடைசி வார்த்தை

பல் தேய்த்து, பால் காய்ச்சி, டிவியைப் போடுகிறேன். பள்ளி நாட்களில் டிவியில் எங்களுக்குக் கதை சொன்ன பொம்மை மாமா இறந்துவிட்டாராம். பழைய படத்தில் அவர் கையில் துணி முயல் தலையாட்டுகிறது. அதன் ஒரு காது மட்டும் ஏன் ஆடவில்லை என்று உற்றுப் பார்க்கிறேன். ஃபோனில் மனைவியின் தங்கை விசும்புகிறாள். "அக்கா போனப்போகூட இப்படி அழல, மாமா. முன்னப்பின்ன பாக்காத மனுஷனுக்கு அழறேன். லூசா நான்?" "எனக்கு யாருக்குமே அழுகை வரல. நீ பரவால்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கிறாள். பொம்மை மாமாவின் கடைசி வார்த்தை என்று சேனலுக்கு ஒன்றாகச் சொல்கிறார்கள். "மாமா, அக்கா நெஜமாவே 'அம்மாவப் பாத்துக்கோ'ன்னா சொன்னா?" "இல்ல. அத்தை மனசு ஆறட்டும்னு நான்தான் சொன்னேன்." "அப்போ என்னதான் சொன்னா?" டிவியின் சத்தத்தைக் குறைக்கிறேன். "'கொஞ்சம் தள்ளி உக்காருப்பா, டிவி மறைக்குது'ன்னா."