சம்பந்தியம்மாவின் பயம்

"வந்தது வந்துட்டீங்க சம்பந்தியம்மா, அந்த வண்டிக்குள்ள ஒரு நடை போயிட்டு வந்துடுங்க. சட்டுனு முடிஞ்சிடும்."

"ஐயோ, ஆளை விடுங்க சம்பந்தி. எனக்குப் பயமா இருக்கு."

குடியிருப்பின் வாசலில் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே ஒரு டாக்டரம்மா, ஒரு நர்ஸ், படம் எடுக்கும் மெஷின்கள். வெளியே பெண்கள் வரிசை. அந்த வண்டியை அங்கே வரவழைத்தவள் வசூல் ராணி.

அந்தப் பெயரை வைத்தவர் மளிகைக் கடைக்காரர். சோப்புத் தூள் வாங்க வந்தவள், வண்டிச் செலவுக்கென்று அவரிடமே நன்கொடை வாங்கிக்கொண்டு, சட்டையில் ஒரு இளஞ்சிவப்பு விழிப்புணர்வு ரிப்பனையும் குத்திவிட்டுப் போனாள். அதைக் கழற்றினால் மறுபடி வந்துவிடுவாளோ என்று அவர் சட்டையைத் துவைக்கக்கூடப் போடுவதில்லை என்று பேச்சு. சலூன்காரர் ஒரு நாள் வருமானத்தைக் கொடுத்தார். மேல்வீட்டுப் பாட்டு வாத்தியார், ஒரு வாரம் பாடாமல் இருப்பதாக வாக்குக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் பெரிய தொகையே திரட்டித் தந்துவிட்டார்.

இப்படி ஊரையே மடக்கியவளிடம், மகளோடு சேர்ந்து இரண்டு நாள் தங்கிப் போக வந்த மகளின் மாமியார் மட்டும் மடங்கவில்லை. கல்யாணத்தில் வந்த ஏதோ சின்ன மனத்தாங்கலுக்குப் பிறகு, சம்பந்திகள் இருவரும் "சௌக்கியமா?" என்பதைத் தாண்டிப் பேசியதும் இல்லை.

"இதுல பயப்பட என்ன இருக்கு?" வசூல் ராணி குரலை உயர்த்தினாள். "நான் வீடு வீடாப் போய்ச் சொல்லிட்டு வர்றேன். ஆரம்பத்துலயே பார்த்துட்டா சுலபமா சரி பண்ணிடலாம். சொந்த சம்பந்தியே வரலன்னா என் மானம் என்னாகுறது?"

"மெஷின் நசுக்குமாமே?"

"லேசா அழுத்தும்."

"லேசான்னா எப்படி? கதவு இடுக்குல விரல் மாட்டுற மாதிரியா, கூட்டமான பஸ்ல நிக்கிற மாதிரியா?"

வசூல் ராணி யோசித்தாள். "பஸ் மாதிரி."

"உட்கார்ந்துக்கிட்டா, நின்னுக்கிட்டா?"

"அது... அவங்கவங்க வசதிப்படி."

"உள்ள ரொம்பக் குளிருமோ?"

"அதெல்லாம் நோட்டீஸ்ல போடலையே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நோட்டீஸ்லயா?" சம்பந்தியம்மாவின் கண்கள் விரிந்தன. "அப்போ நீங்க இன்னும் எடுத்துக்கவே இல்லையா?"

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மகள் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எங்க நேரம்? வரிசையப் பார்க்கணும், எல்லாருக்கும் தண்ணி கொடுக்கணும்..."

"தண்ணி நான் கொடுக்கிறேன்," என்றாள் வரிசையில் நின்ற டீச்சர்.

"வரிசைய நான் பார்த்துக்கிறேம்மா," என்றார் வாட்ச்மேன்.

மளிகைக்காரர் எதிர்க் கடைக்குள்ளிருந்தே கத்தினார்: "வசூல் உண்டியல நான் பார்த்துக்கிறேன், நீங்க தைரியமாப் போங்க!"

சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க முதல்ல போயிட்டு வந்து, ஒண்ணுமில்லன்னு சொல்லுங்க. அடுத்த ஆளா நான் ஏறுறேன். நீங்களே பயந்தா நான் என்ன பண்றது?"

"பயமா? எனக்கா?"

விறுவிறுவென்று நடந்தவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். "செருப்பக் கழட்டணுமா?"

"வேணாம்மா," என்றது நர்ஸின் குரல்.

"கண்ணாடிய?"

"உள்ள போங்க!" என்று வரிசையே கத்தியது. கதவு மூடியது.

மற்றவர்களுக்கெல்லாம் சீக்கிரம் திறந்த கதவு, அவளுக்குத் திறக்கவில்லை. வரிசையில் சிரிப்பு அடங்கியது. டீச்சர் தண்ணீர்க் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். மகள் மாமியாரின் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

ஒருவழியாகக் கதவு திறந்தது. வசூல் ராணியின் கண்கள் சிவந்திருந்தன. நேராக மகளிடம் வந்தாள்.

"கட்டி ஒண்ணு கையில தட்டுப்பட்டுக்கிட்டே இருந்துச்சுடி. உன்கிட்டகூடச் சொல்லல. ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நான் போய்ப் பார்த்தா என்ன வருமோன்னு நடுக்கம். டாக்டரம்மா ஸ்கேன் பண்ணிட்டாங்க. வெறும் நீர்க்கட்டிதானாம். பயப்பட ஒண்ணுமே இல்லையாம்."

மகள் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். அம்மாவும் கொஞ்சம் அழுதாள். கொஞ்சம்தான். உடனே மூக்கைத் துடைத்துக்கொண்டு பழைய குரலுக்கு வந்துவிட்டாள்.

"எங்க நழுவுறீங்க சம்பந்தியம்மா? எனக்கு ஒண்ணுமில்ல. இப்போ உங்க முறை. இத்தனை பேரு சாட்சி!"

கையைப் பிடித்துத் தரதரவென்று வண்டிவரை இழுத்துப் போனாள். சத்தம் கேட்டு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். சம்பந்தியம்மாவைப் பார்த்ததும் அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, மகளிர் சங்கத் தலைவியம்மா! போன வாரம்தானே உங்க ஊருக்கு எங்க வண்டிய வரவழைச்சு, முதல் ஆளா நீங்க எடுத்துக்கிட்டு, தெருவையே வரிசையில நிக்க வச்சீங்க? மறுபடி எதுக்கு வந்திருக்கீங்க?"

வசூல் ராணி பிடித்த கையை விட்டாள். சம்பந்தியம்மா அசடு வழியச் சிரித்தாள்.

"உங்க பொண்ணுதான் சம்பந்தி கூட்டிட்டு வந்தா. 'அம்மா எதையோ மறைக்கிறாங்க, நான் சொன்னா கேக்கவே மாட்டாங்க, நீங்க வந்து கொஞ்சம் பயப்படுங்க அத்தை'ன்னா."