ஒழுக வேய்ந்த கூரை

வானம் தெரியலையே, இன்னும் ரெண்டு கை தழையை எடுத்திரு பொன்ராஜுன்னு ஏலியா சார் சொன்னதும் எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு.

சாந்தன்பாறையில நான் வேய்ஞ்ச கூரைக்குக் கீழ ஒரு சொட்டுத் தண்ணி விழுந்துச்சுன்னு ஒரு பய சொன்னதில்ல. என்னைக் கூப்பிட்டு ஒழுகுற கூரை போடச் சொல்றாரே மனுசன்! அதுவும் ஐப்பசி மழையில.

அவர் ஏலக்காய் ஸ்டோர் கிளார்க்கு. பறவூர்ப் பக்கத்து யூதர். சொந்தக்காரங்க எல்லாரும் இஸ்ரேலுக்குப் போயாச்சு. இங்க அவரும் அவர் சம்சாரம் ரிப்காம்மாவும்தான்.

கூடாரப் பண்டிகையாம். குவார்ட்டர்ஸ் வாசல்ல ஈத்தை மூங்கிலும் ஏலத்தழையும் வச்சுக் குடிசை போட்டு, ஏழு நாள் அதுலதான் சாப்பாடு, படுக்கை. உள்ள படுத்தா நட்சத்திரம் தெரியணுமாம்.

நல்ல ஓட்டு வீடு இருக்கு, ஒத்தை அறைன்னாலும் ஒழுகாத வீடு. அதை விட்டுட்டு இது என்னடா கூத்து, வேலியில போற ஓணானை வேட்டிக்குள்ள விட்ட கதையால்ல இருக்குன்னு எஸ்டேட் கூலியாளுக குடியிருக்குற லயம் முழுக்கச் சொல்லிச் சிரிச்சேன்.

ரெண்டாம் நாள் பொழுது சாயுற நேரம், காத்தும் மழையும் சேந்து வந்து எங்க லயத்துக் கூரையில மூணு தகரத்தைப் பேத்துட்டுப் போயிருச்சு.

உள்ள எம்பொண்டாட்டி சாந்தம்மா. பிள்ளை பெத்து ஒம்பது நாள்.

நான் சாக்கை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். பச்சைப்பிள்ளை வீல்னு கத்திட்டுக் கிடந்தது, கொஞ்ச நேரத்துல கத்தவும் தெம்பில்லாம உதடு நீலமாப் போச்சு. அக்கம்பக்கத்து வீடுகள்லயும் தண்ணி. எங்க கொண்டுபோக?

ஏலியா சார் நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தார். ரெண்டு பேரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வாடான்னார்.

எனக்குக் கால் வரல. இன்னும் தீட்டுக்கூடக் கழியல. ஒத்தை அறையில பால் குடுக்குற பொம்பளை இருந்தா இவர் எங்க போவார்?

"ஏழு நாள் நான் குடிசையிலதான் இருக்கணும், எங்க சாமி கட்டளை. வீடு சும்மாதான கிடக்கு, வா."

அப்படியான்னு எனக்கு நிம்மதியாப் போச்சு. தூக்கிட்டு ஓடினோம்.

அதுக்கப்புறம் ஒரு சாயங்காலம் தப்பாம மழை. உள்ள அடுப்புப் பக்கத்துல தாயும் பிள்ளையும் கதகதன்னு. கூட ரிப்காம்மா. வெளிய சார் சாக்கைப் போத்திக்கிட்டு, சோத்துல விழுற தண்ணியோட சேத்துத் தின்னுட்டுக் கிடந்தார். ஓட்டையை அடைச்சு விடட்டுமா சார்னேன். வேணாம்னுட்டார். இருமல் வேற பிடிச்சிருச்சு.

கடைசி நாள் என் வாய் சும்மா இருக்கல. கும்பிடுறவனை இப்படி நனையவிட்டு வேடிக்கை பாக்குறதும் ஒரு சாமியான்னு ரிப்காம்மாகிட்டயே கேட்டுப்புட்டேன்.

அந்தம்மா மடியில கிடந்த எம்பிள்ளைக்குத் துணியை இழுத்து விட்டாங்க.

"மழை வந்தா வீட்டுக்குள்ள போயிறணும்னுதான் எங்க சட்டத்துல இருக்கு, பொன்ராஜ்."